மூன்று சிவப்புப் புள்ளிகள்

பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தார் அந்த இளைஞர். திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். வயது 26. வேலை, தூக்கம், பசி என்று பத்து நிமிடம் எதையெதையோ சொல்லிவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு செக்ஸ் அடிக்ட் மேடம்" என்றார்.

அது 2013. நான் உளவியல் ஆலோசகராக வேலையைத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஒருவர் இவ்வளவு கூசிக்கொண்டு தன் வாயால் சொல்லும் ஒரு வார்த்தையைச் சந்தேகிப்பது அவரையே சந்தேகிப்பதாகும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதனால் அந்த வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டேன். குடியை விட வருகிறவர்களிடம் என்ன செய்வேனோ அதையே அவரிடமும் செய்தேன். எந்த நேரத்தில் மனம் அந்தப் பக்கம் போகிறது என்று எழுதச் சொன்னேன். எத்தனை நாள் விலகி இருந்தார் என்று எண்ணச் சொன்னேன்.

ஆறு வாரத்தில் அவர் இன்னும் மோசமானார். கண்ணுக்குக் கீழே கருமை. பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அன்றைக்குத்தான் அந்த டைரியைக் காட்டச் சொன்னேன்.

மாதத்துக்கு ஒரு பக்கம். ஸ்கேல் வைத்துத் தானே கட்டம் போட்டிருந்தார். ஆபாசப் படம் பார்த்துச் சுய இன்பம் கொண்ட நாட்களில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. நான் கணக்கு வைக்கச் சொன்ன பிறகு, மற்ற நாட்களில் பென்சிலால் 1, 2, 3 என்று எண்கள். புள்ளி விழுந்த மறுநாள் மறுபடியும் 1. அந்த 1-ஐ அவர் எழுதியிருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பென்சில் முனை காகிதத்தைக் கிழித்துப் பின்பக்கம் வரை போயிருந்தது.

அந்த மாதத்தில் மொத்தம் மூன்று புள்ளிகள்.

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினஞ்சு நிமிஷம் இருக்கும் மேடம்."

வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தார். கடன் இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பார்க்க வேண்டாம் என்று நினைத்த பெரும்பாலான நாட்களில் அவர் பார்க்கவே இல்லை. ஆனால் சிறு வயதிலிருந்தே இது பாவம், இது உடம்பை அழிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர். புள்ளி விழுந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அவர் பட்ட வேதனை முழுக்க உண்மை. அவர் அதற்கு வைத்திருந்த பெயர்தான் தப்பு. அந்தத் தப்பான பெயருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான். நாளை எண்ணச் சொன்னதும் நான்தான்.

(இங்கே வரும் யாருடைய விவரமும் அப்படியே இல்லை. ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒருவருடைய பாலியல் நடத்தை எப்போது நோயாகிறது? அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறை இந்த ஒரு கேள்வியோடு நூறு வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

பழைய பெயர்களே ஒரு கதை சொல்லும். பெண்ணுக்கு ஆசை "அதிகம்" என்று தோன்றினால் நிம்ஃபோமேனியா. ஆணுக்கு என்றால் சாட்டிரியாசிஸ். முதல் வார்த்தை வசைச்சொல்லாகி ஊர் உலகமெல்லாம் பரவியது. இரண்டாவது வார்த்தையை மருத்துவப் புத்தகத்துக்கு வெளியே கேட்டவர்கள் மிகக் குறைவு. எந்தப் பெயர் யார்மேல் ஒட்டப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 1886-இல் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர், பாலியல் நடத்தைகளை வகை வகையாகப் பிரித்து ஒரு பெரிய நூல் எழுதினார். மிகையான பாலுந்துதலுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஆனால் எவ்வளவு இருந்தால் மிகை? அந்த அளவுகோல் எழுதுகிறவருடைய மனதில்தான் இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடியின் பத்தாம் பதிப்பு வரை இந்த நிலைமை பெரிதாக மாறவில்லை. அதில் எஃப்52.7 என்ற எண்ணில் "மிகையான பாலுந்துதல்" என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்தப் பழைய இரண்டு சொற்களும் அதன்கீழ் அப்படியே உட்கார்ந்திருந்தன.

இதற்கு நடுவில்தான் "அடிக்‌ஷன்" வந்தது. 1983-இல் பாட்ரிக் கார்ன்ஸ் என்ற அமெரிக்க ஆலோசகர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு "செக்ஸ் அடிக்‌ஷன்" என்ற சொல் மக்கள் வாயில் நின்றுவிட்டது. மதுவுக்கு அடிமையாவது போலவே இதற்கும் அடிமையாகலாம் என்றார் அவர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம், 1987 திருத்தப் பதிப்பில் அந்தச் சொல்லைப் போகிறபோக்கில் ஓர் உதாரணமாகச் சேர்த்தது. 1994-இல் வந்த நான்காம் பதிப்பில் எடுத்துவிட்டது. கையேட்டிலிருந்து எடுத்தாலும் பேச்சிலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை. என் முன்னால் உட்கார்ந்த இளைஞருக்கு அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து சேர்ந்ததே!

எல்லோரும் கார்ன்ஸ் சொன்னதை ஏற்கவில்லை. இது அடிமைத்தனம் இல்லை, பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயல் என்றார் ஈலை கோல்மன் என்ற உளவியலாளர். 1987-இல் பார்த், கிண்டர் என்ற இருவர், இது உந்துதலை அடக்க முடியாத கோளாறுதான், மற்ற பெயர்கள் எல்லாம் தவறாக ஒட்டிய சீட்டுகள் என்று எழுதினார்கள். அடிமைத்தனம், கட்டாயம், உந்துதல். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சொற்சண்டை மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்னொருவரைச் சந்திக்கும்வரை.

அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. 2021-இல் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தார். நான்கு மாதம் தூக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். ஐந்தாவது மாதம் ஒருநாள், எழுந்து கதவுவரை போய்விட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, "தூக்கம் வரலைன்னு இல்ல மேடம், நான் தூங்கறதில்ல" என்றார்.

ராத்திரி 11 மணிக்கு உட்காருவார். விடியற்காலை 4, 5 மணி வரை போகும். படம், சாட், முன்பின் தெரியாத ஆட்களோடு வீடியோ. இரண்டு வேலை போயிற்று. இரண்டாவது வேலை ஆபீஸ் கம்ப்யூட்டரால் போனது. விடிந்ததும் எல்லாவற்றையும் அழிப்பார். கணக்கை மூடுவார், ஆப்பை எடுப்பார், "இனிமே சத்தியமா இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே ஆப்பை மறுபடி இறக்குவார். "பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு நானே எனக்குச் சொல்லிப்பேன் மேடம். ஆனா விரலுக்குத் தெரியும்."

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்தத் துறையில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியாது. "அதுல சந்தோஷம் இருக்கா?"

நீண்ட நேரம் யோசித்தார். "முதல்ல இருந்துச்சு. அப்புறம் இல்ல. பார்க்கறதுல ஒண்ணுமே இல்ல மேடம். தேடறேன், தேடறேன், தேடிக்கிட்டே இருக்கேன். கிடைச்சதும் மூடிட்டு அடுத்தது."

மூன்று பெயர்களும் ஏன் சண்டையிட்டன என்பது அந்தப் பதிலில் எனக்கு விளங்கியது. உந்துதல் என்றால் முதலில் ஒரு முறுக்கம், செய்தவுடன் ஒரு விடுதலை, அதில் இன்பம். கட்டாயச் செயல் என்றால் இன்பமே கிடையாது. ஓசிடி என்ற மனநோயில், வேண்டாத எண்ணத்துக்குப் பயந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்குக் கழுவுவதில் என்ன சுகம்? பயம் கொஞ்ச நேரம் தணியும், அவ்வளவுதான். அடிமைத்தனம் என்றால் பழைய அளவு பற்றாமல் போகும், நிறுத்தினால் உடம்பும் மனதும் தவிக்கும். இவர் சொன்ன பத்து வருடக் கதையில் மூன்றுமே இருந்தன. ஆரம்பத்தில் முறுக்கமும் இன்பமும். நடுவில் அளவு பற்றாமை. கடைசியில் இன்பமே இல்லாத தேடல். எந்த வருடத்தில் எந்த மருத்துவரைப் பார்த்திருப்பாரோ, அதற்கேற்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும்.

அந்த இளைஞரிடம் பெயர் இருந்தது, நோய் இல்லை. இவரிடம் நோய் இருந்தது, பெயர் இல்லை. இந்த இருவரையும் சரியாகப் பிரித்துக் காட்ட முடியாத எந்த வரையறையும் எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். ஆல்ஃபிரட் கின்ஸி என்ற பாலியல் ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் எந்த வழியில் உச்சம் அடைந்தாலும் அத்தனையையும் கூட்டி வாரத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கு வைத்தார். அந்த யோசனையைப் பின்பற்றி மார்ட்டின் காஃப்கா என்ற மனநல மருத்துவர், குறைந்தது ஆறு மாதத்துக்கு வாரம் ஏழு முறை அல்லது அதற்கு மேல் என்று ஓர் எல்லைக்கோட்டை முன்வைத்தார். ஆனால் புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி எந்தச் சிரமமும் இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அவர்களுக்கு என்ன நோய்? கோட்டுக்குக் கீழே இருந்துகொண்டே வாழ்க்கையைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆசையின் அளவு வேறு, கட்டுப்பாட்டின் அளவு வேறு. வீட்டில் இருவருக்கும் ஆசை சமமாக இல்லாதபோது, அதிகம் உள்ளவர் நோயாளியாகவும் குறைவாக உள்ளவர் நீதிபதியாகவும் ஆகிவிடுவதையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை பார்த்தாயிற்று.

காஃப்காவே அடுத்து எண்ணிக்கையைத் தாண்டிப் போனார். 2010-இல் "மிகைப்பாலியல் கோளாறு" என்ற பெயரில் ஒரு முழுமையான வரையறையை டிஎஸ்எம்-5க்காக எழுதினார். எண்ணிக்கைக்குப் பதில் கேள்விகள். பாலியல் நினைப்பும் செயலும் மற்றக் கடமைகளை விழுங்குகிறதா? மனம் சோர்ந்தபோது, நெருக்கடி வந்தபோது அதில் போய் ஒளிந்துகொள்கிறாரா? குறைக்க முயன்று திரும்பத் திரும்பத் தோற்றாரா? தனக்கோ பிறருக்கோ கேடு வரும் என்று தெரிந்தும் தொடர்கிறாரா? ரோரி ரீட் என்ற ஆய்வாளரின் தலைமையில் 207 நோயாளிகளிடம் இதைக் களத்தில் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வரையறை நம்பகமாக வேலை செய்கிறது என்றே வந்தது.

ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதை நிராகரித்தது. 2013 மே மாதம் டிஎஸ்எம்-5 வெளியானபோது அதில் இந்தக் கோளாறு இல்லை. 2022-இல் வந்த திருத்தப் பதிப்பிலும் இல்லை. ஆராய்ச்சி போதாது என்பது ஒரு காரணம். குற்றவாளிகள் நீதிமன்றத்தில் இதைக் கேடயமாகப் பிடிப்பார்கள் என்ற பயமும் பேசப்பட்டது. இயல்பான ஆசையையே நோயாக்கிவிடுவோமோ என்ற தயக்கமும் இருந்தது. மூன்றாவதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அந்த டைரியைப் பார்த்த பிறகு மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், "உங்களுக்கு இருப்பது எங்கள் புத்தகத்தில் இல்லை" என்று எந்த முகத்தோடு சொல்வது?

2016-இல் அமெரிக்காவின் பாலியல் கல்வியாளர்கள், ஆலோசகர்கள், சிகிச்சையாளர்களின் சங்கமான ஆசெக்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. செக்ஸ் அடிக்‌ஷன், போர்ன் அடிக்‌ஷன் இரண்டையும் மனநலக் கோளாறாக வகைப்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. இன்னொரு பக்கம், நரம்பியல் ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனைக் காட்டிப் பேசினார்கள். 2014-இல் வலேரி வூன் குழுவினர், இந்தச் சிக்கல் உள்ள ஆண்களுக்குப் பாலியல் காட்சிகளைக் காட்டியபோது, போதைப்பொருள் ஆய்வுகளில் பேசப்படும் அதே மூளைப் பகுதிகள் தூண்டப்படுவதைக் கண்டார்கள். ஆனால் ஒரே பகுதி விழித்துக்கொள்வதால் மட்டும் இரண்டும் ஒரே நோய் என்றாகிவிடாது. விருப்பமான எதைப் பார்த்தாலும் விழித்துக்கொள்ளும் பகுதிகளும் அவற்றில் உண்டு.

இந்த இழுபறிக்கு நடுவே உலக சுகாதார நிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஐசிடி-11-ஐ ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் 6சி72 என்ற எண்ணில் இருப்பதுதான் "கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு".

அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒருவர் தன் தீவிரமான, திரும்பத் திரும்ப எழும் பாலியல் உந்துதல்களைக் கட்டுப்படுத்தத் தொடர்ந்து தவறுகிறார். அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். இதுதான் மையம். அது எப்படியெல்லாம் வெளிப்படும் என்று அடுத்து வருகிறது. உடல்நலம், தன்னைப் பேணுவது, மற்ற ஈடுபாடுகள், பொறுப்புகள் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு அதுவே வாழ்க்கையின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். குறைக்கப் பலமுறை முயன்றும் முடியாது. கெடுதல் நேர்ந்த பிறகும் தொடரும். திருப்தி மிகக் குறைவாக இருந்தாலும், திருப்தியே இல்லாவிட்டாலும்கூடத் தொடரும். இது நீண்ட காலம், உதாரணமாக ஆறு மாதமோ அதற்கு மேலோ, இருந்திருக்க வேண்டும். கடுமையான மன வேதனையையோ, குடும்பத்திலும் வேலையிலும் உறவுகளிலும் பெரிய பாதிப்பையோ உண்டாக்கியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. எது நல்ல செக்ஸ், எது கெட்ட செக்ஸ் என்ற தீர்ப்பும் இல்லை. ஆணா பெண்ணா, யாரோடு, கல்யாணத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியும் இல்லை.

எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. தீ வைக்கும் உந்துதல், திருடும் உந்துதல், திடீர் ஆத்திர வெடிப்பு, இவைதான் இதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்தப் பகுதிக்கு உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் என்று பெயர். சூதாட்டமும் வீடியோ கேமும் இதே பதிப்பில் மது, போதைப்பொருள்களோடு அடிமைத்தனப் பகுதியில் இருக்கின்றன. அப்படியானால் இது மட்டும் ஏன் அங்கே இல்லை? இது உருவாகும் விதமும் நிலைக்கும் விதமும் போதை அடிமைத்தனத்துக்கு ஒப்பானவைதானா என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை என்பதால்தான். பெயரில் "கட்டாயம்" இருந்தும் ஓசிடியின் பக்கத்திலும் வைக்கவில்லை. ஓசிடியில் வரும் பாலியல் எண்ணங்கள் வேறு ரகம். அவை மனிதரை அருவருப்பிலும் பயத்திலும் உறைய வைக்கும், அவர் அந்தப் பக்கமே போக மாட்டார். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பயத்தில் நடுங்குகிறவரை "ஆசையை அடக்கு" என்று அதட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை!

இந்த வரையறையில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. தன் பாலியல் உந்துதல்களையோ செயல்களையோ பற்றிய ஒழுக்கத் தீர்ப்பாலும் வெறுப்பாலும் மட்டுமே ஒருவருக்கு வேதனை உண்டாகிறது என்றால், அந்த வேதனை இந்த நோயைத் தீர்மானிக்கப் போதாது.

இந்த வாக்கியம் 2013-இல் என் மேஜையில் இருந்திருந்தால் அந்த இளைஞரின் பென்சில் காகிதத்தைக் கிழித்திருக்காது.

ஜோஷுவா கிரப்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். "எனக்கு ஆபாசப் பட அடிமைத்தனம் இருக்கிறது" என்று நினைக்கிறவர்களில், எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதோடு, பார்ப்பது தப்பு என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள் என்பதும் பெரிய பங்கு வகிக்கிறது. நம்பிக்கைக்கும் செயலுக்கும் உள்ள இந்த முரண்பாட்டை அவர்கள் ஒழுக்க முரண் என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எல்லாம் அவர்களின் பிரமை" என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. முரண்பாட்டின் வேதனை பிரமை இல்லை. அதற்கும் உதவி வேண்டும். ஆனால் அந்த உதவி வேறு மாதிரி. தன் நம்பிக்கைகளை எடுத்துப் பார்க்க, தன்னைத் தண்டிப்பதை நிறுத்த, நம்பிக்கைப்படியே வாழ விரும்பினால் நிதானமாக வாழக் கற்றுக்கொள்ள, பக்கத்தில் ஒருவர் துணையாக இருக்க வேண்டும்.

அந்த வாக்கியம் ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்குத் துறையின் பழைய கணக்கே போதும். ஒருபாலீர்ப்பு டிஎஸ்எம் பட்டியலிலிருந்து 1973-இல்தான் நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆயிற்று. அதுவரை சமூகத்தின் வெறுப்பு நோய்க்குறியாக மாறுவேடம் போட்டுக்கொண்டு மருத்துவப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் பெற்றோர் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனுக்கு செக்ஸ் அடிக்‌ஷன், சரி பண்ணுங்க" என்பார்கள். பேசிப் பார்த்தால் அவனுக்கு ஆண்களைப் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். சிகிச்சை தேவைப்படும் எதுவும் அவனிடம் இல்லை. அந்த அப்பா அம்மாவோடுதான் அப்புறம் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

வளரிளம் வயதினரைப் பற்றியும் ஐசிடி-11 தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதில் ஆர்வம் அதிகமாக இருப்பது, அடிக்கடி சுய இன்பம் கொள்வது, இவற்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. கட்டுப்பாடு குலைந்திருக்கிறதா என்பதே எப்போதும் கேள்வி.

வேறு நோயின் நிழலாக இது வருவதும் உண்டு. மனநிலை ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவருக்கு, மனம் அளவுமீறிப் பொங்கும் மேனியா காலத்தில் ஆசையும் துணிச்சலும் கட்டுக்கடங்காமல் போகும். அந்தக் காலத்தில் மட்டும்தான் என்றால் அது மேனியாவின் கணக்கு. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் சில மறதி நோய்களிலும் கட்டுப்பாடு குலையும். மாத்திரையாலும் வரும் என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிப் பேச வந்தார். அப்பாவுக்கு 68 வயது. வாழ்க்கை முழுக்கக் கணக்கு வாத்தியார். மகளிடம்கூட அதிர்ந்து பேசாதவர். ஒரு வருடமாக இரவு பகலாகப் படம் பார்க்கிறார், சேமிப்பிலிருந்து யார் யாருக்கோ பணம் அனுப்புகிறார், அம்மாவைத் தொந்தரவு செய்கிறார். "எங்கப்பா இப்படி ஆளே இல்ல மேடம். அம்மா அவர் முகத்தையே பார்க்கறதில்ல" என்று அழுதார். உடம்புக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். கைநடுக்கத்துக்கு, பார்கின்சன் நோய்க்கு என்றார். செல்போனில் மருந்துச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பிரமிபெக்சோல். அளவைக் கூட்டிய தேதி அதிலேயே இருந்தது. படங்கள் தொடங்கிய மாதத்துக்கு முந்தைய மாதம்.

இந்த வகை மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைச் செய்பவை. 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 3,090 பார்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். 13.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உந்துதல் கோளாறு இருந்தது. பாலியல் உந்துதல் மட்டும் 3.5 சதவீதம். மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிப்ரசோல் பற்றியும் 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே மாதிரி எச்சரித்திருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. நரம்பியல் மருத்துவர் அந்த அப்பாவுக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து மருந்தை மாற்றினார். சில வாரங்களில் பழைய மனிதர் திரும்பினார். திரும்பியவருக்குத் தான் செய்த எல்லாமே நினைவில் இருந்தது. அதற்கு எந்தக் கையேட்டிலும் எண் இல்லை. அம்மாவை அப்பா இருக்கும் அறைக்குள் மறுபடி வரவைக்க அந்தப் பெண்ணுக்கு நெடுநாள் ஆயிற்று.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்பார்கள். 42 நாடுகளில் 82,243 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று 2023-இல் வெளியானது. 4.84 சதவீதம் பேர் இந்தக் கோளாறுக்கான உயர் ஆபத்தில் இருப்பதாகக் கேள்வித்தாள் காட்டியது. கேள்வித்தாள் காட்டுவது ஆபத்தைத்தான். நோய் இருக்கிறது என்று நேரில் பேசித்தான் சொல்ல முடியும். 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாலியல் உணர்வுகளைக் கட்டுப்படுத்த முடியாமல் கவனிக்கத்தக்க அளவு துன்பமோ பாதிப்போ உள்ளவர்கள் ஆண்களில் 10.3 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். பெண்கள் எண்ணிக்கையைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. ஆண்களுக்கு வாய் திறக்க ஒரு மாதம் ஆகிறது என்றால் பெண்களுக்கு ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பழைய வசைச்சொல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சம்மதம் இல்லாதவரைத் தொட்டவர், குழந்தையைச் சீண்டியவர், மாட்டிக்கொண்ட பிறகு "எனக்கு அடிக்‌ஷன்" என்று சொன்னால், அந்தச் சொல் அங்கே செல்லாது. சம்மதிக்காதவர்மேலோ குழந்தைகள்மேலோ எழும் நிலையான ஈர்ப்பை ஐசிடி-11 தனித் தலைப்பில் வைக்கிறது. அடுத்தவருக்கு இழைத்த கொடுமைக்கு எந்தத் தலைப்பும் மன்னிப்புச் சீட்டு ஆகாது.

சிகிச்சை உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் சிபிடி முறைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளையும், குடியை விடத் தரும் நால்ட்ரெக்சோனையும் சில மருத்துவர்கள் தருகிறார்கள். கூடவே இருக்கும் மனச்சோர்வையும் குடியையும் கவனிக்காமல் எதுவும் நிற்காது.

டைரி இளைஞரிடம் நான் நேராகவே சொன்னேன். "நான் உங்களை எண்ணச் சொன்னது தப்பு. உங்களுக்கு அடிக்‌ஷன் இல்லை." அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். அதன் பிறகு எட்டு மாதம் வந்தார். டைரியைக் கொண்டுவருவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை.

கதவருகே நின்றவர் கதை இன்னும் முடியவில்லை. 2022-இல் ஒருநாள், ஐசிடி-11-இன் அந்தப் பகுதியை அவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். "திருப்தியே இல்லாவிட்டாலும்கூட" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இதற்கு மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று பல மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொருவர் முன்னால் இதை வாயால் சொல்ல முடியாது என்பதே அவருடைய ஒரே தடை.

"இதுக்கு நம்பர் இருக்குன்னீங்களே மேடம், என்ன அது?"

சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பழைய ரசீது ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, என்ன பிரச்சினை என்று கேட்டதும், ஒரு வார்த்தை பேசாமல் அந்த ரசீதைத் திருப்பி மேஜைமேல் நகர்த்தியிருக்கிறார். 6சி72. மருத்துவர் அதை எடுத்துப் பார்த்தாராம். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "எத்தனை வருஷமா?" என்று கேட்டாராம்.